செயற்கைப் புல்தரையில் இரண்டு பருவங்கள்: ஒரு பெண்கள் கால்பந்து அணியின் மதிப்புரை

காலணி வாங்குமுன் நான்கு பேரிடம் விசாரிக்கிறோம், பந்தை அழுத்திப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் ஒரு வீராங்கனையின் கால் வாரத்தில் பல மணி நேரம் மோதிக்கொண்டிருக்கும் தரையை மட்டும் யாரும் ஒரு பொருளாக எண்ணி மதிப்பிடுவதில்லை. கிடைத்த தரையில் ஆடிவிட்டு வருவதே வழக்கமாகிவிட்டது. நான் உடற்தகுதிப் பயிற்சி அளிக்கும் பெண்கள் அணி, மண் தரையிலும் இயற்கைப் புல்லிலும் மாறி மாறி ஆடிய பிறகு, முழு அளவுச் செயற்கைப் புல்தரை ஒன்றை இரண்டு பருவங்களுக்கு வாடகைக்கு எடுத்துத் தொடர்ந்து பயன்படுத்தியது. அந்தத் தரை எங்கள் வீராங்கனைகளின் வேகத்தையும் தாங்குதிறனையும் முழங்காலையும் என்ன செய்தது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். தரையை அமைத்த நிறுவனத்தின் பெயரையும் மைதானத்தின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைத் தரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

இன்று பரவலாகப் போடப்படுவது மூன்றாம் தலைமுறைத் தரை. அடியில் சரளைக்கல் அல்லது தார்ப் படுகை, பல மைதானங்களில் அதன்மேல் அதிர்வைத் தாங்கும் மெத்தை, அதற்கும் மேல் ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரமுள்ள பாலிஎத்திலீன் இழைகளைத் தைத்த விரிப்பு, விரிப்பை அசையாமல் அழுத்தி வைக்க இழைகளுக்கிடையே மணல், மணலுக்கு மேல் பழைய டயர்களை அரைத்தெடுத்த ரப்பர் துகள் என்று அடுக்கடுக்காக அமைந்தது இது. கண்ணுக்குத் தெரிவது பச்சை இழை மட்டும்தான். வீராங்கனையின் கால் உணர்வதோ பெரும்பாலும் அந்தத் துகளையும் அடியிலுள்ள மெத்தையையும்தான். 1966இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் விரித்த குட்டை நைலான் விரிப்பும், 1980களில் சில ஆங்கிலக் கழகங்கள் போட்டுப் பார்த்த மணல் நிரப்பிய விரிப்பும் இதற்கு முன்னோடிகள். அவற்றில் பந்து ரப்பர் பந்தைப்போல் துள்ளியது, சறுக்கியவரின் தொடைத் தோல் உரிந்தது. அந்த நாளைய கசப்பை வைத்து இன்றைய தரையை எடைபோட முடியாது. 2004இல் கால்பந்தின் ஆட்ட விதிகளே செயற்கைத் தரைக்கு இடம் கொடுத்துவிட்டன.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் பெரியது தரையின் தன்மையைவிடவும் நாட்காட்டியைச் சேர்ந்தது. இயற்கைப் புல் வாரத்தில் சில மணி நேர ஆட்டத்துக்கு மேல் தாங்காது, ஈரத்தில் தொடர்ந்து மிதித்தால் வேரோடு பெயர்ந்துவிடும், அதனால் மைதானப் பொறுப்பாளர்கள் யாருக்கேனும் நேரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அப்படிக் குறையும்போது முதலில் விட்டுக்கொடுக்கும் நிலையில் இருப்பது பெரும்பாலும் பெண்கள் அணிதான் என்பதை இத்துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செயற்கைத் தரைக்கு வந்த முதல் பருவத்தில் மழையால் நின்றுபோன பயிற்சிகள் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். தாங்குதிறன் என்பது இடைவெளியில்லாத வாரங்களிலிருந்து வருவது, மூன்று வாரம் நன்றாக ஓடி நான்காவது வாரம் தரை மூடியிருந்தால் ஏறியது இறங்கிவிடும். எங்கள் வீராங்கனைகளின் தாங்குதிறன் அந்தப் பருவத்தில் உயர்ந்ததற்கு ரப்பர் துகளைவிட இந்தத் தொடர்ச்சியே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தரையை விற்பவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை, அவர்களது விளம்பரத் தாள்கள் இழையின் மென்மையைப் பற்றியே பேசுகின்றன.

அடுத்தது பந்தின் ஒழுங்கு. மண் தரையில் ஆடும் பெண் ஒவ்வொரு பந்தும் எப்படித் துள்ளுமோ என்று தலையைக் குனிந்தே ஆடப் பழகுகிறாள், பந்தை நிறுத்த இரண்டு தொடுதல் எடுத்துக்கொள்கிறாள், தரை வழுக்கும் என்ற அச்சத்தில் திரும்புவதற்கு முன்பே நடையைக் குறுக்கி உடலைத் தாழ்த்திக்கொள்கிறாள். இவை தொழில்நுட்பக் குறைகளாகத் தோன்றினாலும் உடற்தகுதியையும் நேரடியாகப் பாதிக்கின்றன. நால்வருக்கு நால்வர் என்று சிறு களத்தில் ஆடவிட்டால், மண் தரையில் ஆட்டம் அடிக்கடி நின்று நின்று நகர்கிறது, வேக ஓட்டங்கள் குறைகின்றன, இதயத் துடிப்பும் நான் எதிர்பார்க்கும் உயரத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. அதே வீராங்கனைகளும் அதே விதிகளும் அதே அளவுக் களமும் செயற்கைத் தரைக்கு மாறியபோது பந்து ஓடிக்கொண்டே இருந்தது, ஆகவே அவர்களும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டத்தின் வழியாகவே உடற்தகுதியை வளர்க்க விரும்பும் பயிற்சியாளருக்கு இந்த ஒரு காரணமே மண்ணை விட்டு வெளியேறப் போதும்.

இனி நிறுத்துகடிகாரத்துக்கு வருகிறேன். இந்தத் தரையோடு எனக்குள்ள முதல் தகராறு அங்கேதான் தொடங்குகிறது. முதல் மாதச் சோதனையில் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திரும்பி ஓடும் சுறுசுறுப்புச் சோதனையில் அணியில் ஏறக்குறைய எல்லோருமே முன்னேறியிருந்தார்கள். நிர்வாகிகள் மகிழ்ந்தார்கள், நானும் ஒரு நாள் மகிழ்ந்தேன். பிறகு சந்தேகம் வந்து அதே வாரத்தில் இயற்கைப் புல்லில் அதே சோதனையைத் திரும்ப நடத்தியபோது முன்னேற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. நேர்க்கோட்டில் ஓடும் குறுந்தூர ஓட்டத்தில் இரு தரைகளுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சட்டென்று நின்று திசை மாறும் இடங்களில்தான் தரை உதவியிருக்கிறது. காலணியின் அடியிலுள்ள குமிழ்களான ஸ்டட்கள் துகளுக்குள் இறங்கி இறுகப் பிடித்துக்கொள்வதால், நழுவல் இல்லாமல் உடலின் வேகம் முழுவதும் அந்த ஒரு காலில் நின்று திரும்புகிறது. வீராங்கனை வலிமை பெற்றதால் வந்த நேரமும் தரை பிடித்துக் கொடுத்ததால் வந்த நேரமும் கடிகாரத்தில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

யோ-யோ சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. 20 மீட்டர் போய்த் திரும்பி வந்து, 10 விநாடி இளைப்பாறி, ஒலிக்கேற்ப மேலும் மேலும் வேகமாக ஓடும் அந்தச் சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருப்பம் இருக்கிறது, அந்தத் திருப்பத்தில் மிச்சமாகும் ஆற்றல் கடைசிச் சுற்றுகளில் கூடுதல் தூரமாக வெளிப்படுகிறது. மென்மையான, ஈரமான புல்லில் அதே பெண் சற்று முன்னதாகவே நின்றுவிடுவாள். அவளது நுரையீரலிலும் இதயத்திலும் எந்த மாற்றமும் நேர்ந்திருக்காது. தரை இளக இளக உடல் செலவழிக்கும் ஆற்றல் எப்படி ஏறும் என்பதற்குக் கடற்கரை மணல் நல்ல எடுத்துக்காட்டு: உறுதியான தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் மணலில் ஓடுவதற்குத் தேவைப்படுவதாக ஆய்வுகள் அளந்திருக்கின்றன. புல்லும் டர்ஃப் எனப்படும் செயற்கைத் தரையும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல, ஆனாலும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடக்கூடியவையும் அல்ல. ஒரு பருவம் மண்ணில் எடுத்த எண்ணையும் மறுபருவம் டர்ஃபில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி 'வளர்ச்சி' என்று தலைப்பிட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், ஒப்புக்கொள்வதானால் ஒன்றை எழுதியும் இருக்கிறேன்.

ஆட்டத்தின் தன்மையும் மாறுகிறது. சுவீடனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு உயர்நிலை ஆண் வீரர்களின் ஆட்டங்களை இரு தரைகளிலும் பதிவுசெய்து பார்த்தபோது, ஓடிய மொத்தத் தூரத்திலோ வேக ஓட்டத்திலோ வேறுபாடு காணவில்லை, ஆனால் செயற்கைத் தரையில் சறுக்கித் தடுப்பது குறைந்து குறுகிய பாஸ்கள் கூடியிருந்தன. வீரர்களோ அந்தத் தரையில் உடல் அதிகம் உழைப்பதாக உணர்ந்தார்கள். எங்கள் அணியிலும் இதைத்தான் கண்டேன். தூரம் ஏறவில்லை, களைப்பு மட்டும் ஏறியது. தடுப்பாட்டக்காரர்கள் சறுக்குவதைத் தவிர்த்து நின்றே பந்தைப் பறிக்கப் பழகியதால் நிற்பதும் மறுபடி கிளம்புவதும் பெருகின, தூரக் கணக்கில் அகப்படாத அந்த வேலையைக் கால் தசைகள் செய்து முடித்தன.

மறுநாள் காலையில் அது தெரிந்தது. முதல் சில வாரங்களில் கெண்டைக்கால் தசையிலும் குதிகால் தசைநாணிலும் கீழ்முதுகிலும் இறுக்கம் இருப்பதாகச் சொன்னவர்கள் பலர். டர்ஃப் என்றாலே உடலைக் கெடுக்கும் என்று அப்போது ஒரு பேச்சு அணிக்குள் கிளம்பியது, எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்த முறையீடுகள் தாமாகவே அடங்கின. பிறகு வெளியூர் ஆட்டத்துக்காகப் புல்லில் ஆடிவிட்டுத் திரும்பிய வாரங்களில் மட்டும் மீண்டும் தலைகாட்டின. எந்தத் தரையும் தன்னளவில் தரும் வலியைவிட ஒரு தரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதே பெரிய சுமை என்ற முடிவுக்கு நான் வந்தது அப்போதுதான். தாவலைத் தவிர்க்க முடியாத அணி, மாறும் வாரத்தில் பயிற்சியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முழங்கால். பெண்கள் அணிக்குத் தரை தேர்ந்தெடுப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. ஏ.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் என்பது பல ஆண்டுகளாக உறுதிப்பட்ட செய்தி. பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அது நேர்கிறது. ஓடி வந்து காலை ஊன்றித் திரும்பும்போதோ குதித்துத் தரையிறங்கும்போதோ பாதம் தரையோடு பூட்டிக்கொள்ள, முழங்கால் உள்நோக்கிச் சரிந்து, தொடையெலும்பு ஒரு பக்கமும் கணைக்கால் எலும்பு ஒரு பக்கமும் முறுக்கிக்கொள்கின்றன. சுறுசுறுப்புச் சோதனையில் எங்களுக்கு நல்ல நேரத்தை வாங்கிக் கொடுத்ததும் இதே பிடிமானம்தான். பாதம் சற்று நழுவினால் நேரம் போகும், நழுவவே மறுத்தால் அந்த முறுக்கு எங்கேயாவது போய்த் தீரவேண்டும்.

தரையின் பிடிமானத்தை அளக்க உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஒரு சோதனையை வைத்திருக்கிறது. 46 கிலோ எடை ஏற்றிய, ஸ்டட்கள் பதித்த வட்டை ஒன்றைத் தரையில் வைத்துச் சுழற்றி, அது நழுவத் தொடங்க எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று பார்க்கிறார்கள். உயர்தரச் சான்று பெறும் தரைக்கு அது 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது பல ஆண்டுகள் பின்பற்றப்பட்ட வரையறை. அதிர்வு தாங்கும் திறனை அளக்க 20 கிலோ எடையை 55 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கான்கிரீட்டோடு ஒப்பிட்டுச் சதவிகிதம் சொல்கிறார்கள். சோதனைகள் நேர்மையானவை, தேவையானவை. ஆனால் அந்த வட்டுக்கு இடுப்பு அகலமும் இல்லை, முழங்கால் உள்சாய்வும் இல்லை, அது பதினைந்து வயதுப் பெண்ணும் அல்ல. 80 கிலோ ஆணுக்கும் 50 கிலோ பெண்ணுக்கும் ஒரே வரையறைதான். சான்றிதழைக் காட்டி 'உலகத் தரம்' என்று சொல்பவரிடம் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கேட்டால் விடை வராது. எனக்கு வரவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நார்வேயில் 2,020 இளம் வீராங்கனைகளை ஒரு பருவம் முழுவதும் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், திடீர்க் காயங்களின் மொத்த விகிதம் செயற்கைத் தரையிலும் இயற்கைப் புல்லிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதே ஆய்வில், ஆட்டங்களின்போது நேர்ந்த கடுமையான காயங்கள் மட்டும் செயற்கைத் தரையில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு விற்பவர் பேசுகிறார், இரண்டாம் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பவர் பேசுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் எனக்கு அது சொல்வது, பயிற்சியில் இந்தத் தரையை அஞ்ச வேண்டியதில்லை, ஆட்டத்தின் வெறியில் உடல் தன் கட்டுப்பாட்டை இழக்கும் கணங்களில் எச்சரிக்கை வேண்டும் என்பதே. அந்த ஆய்வு நடந்த பிறகு தரைகளும் மாறியிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அதே நார்வேயிலிருந்து 2008இல் வந்த மற்றோர் ஆய்வு எனக்கு இன்னும் பெரிய பாடமாக அமைந்தது. 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிட உடல்சூடேற்றும் பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்தபோது, அவர்களிடையே கடுமையான காயங்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. ஒரு காலில் நிற்பது, குதித்து முழங்காலை நேராக வைத்து இறங்குவது, பின்தொடைத் தசையை வலுப்படுத்துவது போன்ற எளிய அசைவுகள்தாம் அவை. அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம், தரையைப் பெயர்க்கவும் வேண்டாம். இந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டுத் தரையின் தரத்தைப் பற்றி மட்டும் வாதிடும் அணிகள் எனக்குப் புரியாத புதிர். எங்கள் முதல் பருவத்தின் தொடக்கத்தில் நாங்களும் நேரமில்லை என்று அதைப் பாதியாகச் சுருக்கினோம். ஒரு நடுக்கள வீராங்கனை யாரும் அருகில் இல்லாதபோது திரும்பி விழுந்த அன்றிலிருந்து அதைச் சுருக்குவதில்லை. நல்வேளையாக அவளுக்குத் தசைநார் கிழியவில்லை, சுளுக்கோடு போயிற்று.

காலணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரையின் மேல் நாம் சுமத்தும் பழியில் ஒரு பங்கு காலணிக்கு உரியது. புல்லுக்கென்று செய்த நீண்ட, தட்டையான ஸ்டட்களோடு செயற்கைத் தரையில் ஆடினால் அவை இழைக்குள் ஆழமாகச் சிக்குகின்றன. குட்டையான, வட்டமான, எண்ணிக்கையில் கூடுதலான ஸ்டட்கள் உள்ள அடிப்பாகம் செயற்கைத் தரைக்கென்றே தனியாக வருகிறது. கடைகளில் பெண்களுக்கு என்று கிடைப்பவற்றில் பல, ஆண்களின் பாத அச்சில் செய்து அளவை மட்டும் குறைத்தவை. பெண்ணின் குதிகால் ஒடுக்கமும் வளைவின் உயரமும் வேறு. 2023இல் நைக்கி வெளியிட்ட ஃபேண்டம் லூனா என்ற காலணியில் ஸ்டட்களை வட்ட வடிவில் அடுக்கி, பெண்களின் திருப்பத்தை மனத்தில் வைத்துச் செய்ததாக அறிவித்தபோது, இவ்வளவு காலம் கழித்தா என்றுதான் தோன்றியது. எங்கள் அணியில் எல்லோரையும் செயற்கைத் தரைக்கான அடிப்பாகத்துக்கு மாற்றிய பிறகு பாதம் சிக்கிக்கொள்கிறது என்ற பேச்சு பெரிதும் குறைந்தது, சுறுசுறுப்புச் சோதனையின் நேரமும் கொஞ்சம் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலை நான் வரவேற்கிறேன்.

வெயில் இந்தத் தரையின் வெளிப்படையான தோல்வி. உயிருள்ள புல் தன் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் இழைக்கும் கருப்பு ரப்பருக்கும் அந்த வித்தை தெரியாது. நேர்வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதல்ல. 2015 மகளிர் உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டத்தன்று கனடாவின் எட்மன்டன் நகரத் தரையின் வெப்பம் ஏறத்தாழ 49 டிகிரி என்று அளக்கப்பட்டது, அந்த நகரம் குளிருக்குப் பேர்போனது. தரை சூடானால் பாதம் கொப்புளிப்பது மட்டும் அல்ல, உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவதால் தசைக்குப் போகும் பங்கு குறைகிறது, இதயம் அதே ஓட்டத்துக்கு வேகமாகத் துடிக்கிறது, ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் வேக ஓட்டங்கள் முதலில் மறைகின்றன. நண்பகலில் எடுத்த தாங்குதிறன் சோதனையின் எண்ணை நான் பதிவேட்டில் சேர்ப்பதே இல்லை. தண்ணீர் தெளித்தால் வெப்பம் இறங்குகிறது, ஆனால் பாதி ஆட்டம் முடிவதற்குள் பெரும்பாலும் ஏறிவிடுகிறது, போதாக்குறைக்கு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது.

இந்தத் தரை யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதையும் ஒரு மதிப்புரை கேட்டாக வேண்டும். 2015இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக்கோப்பையின் 52 ஆட்டங்களும் செயற்கைத் தரையிலேயே நடத்தப்பட்டன, ஆண்களின் உலகக்கோப்பை ஒருபோதும் அப்படி நடத்தப்பட்டதில்லை. அபி வாம்பாக், மார்ட்டா, நதீனே ஆங்கெரர் உள்ளிட்ட வீராங்கனைகள் 2014 அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள், தீர்ப்பு வருமுன் 2015 ஜனவரியில் முறையீட்டைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்க வீராங்கனைகள் 2019இல் தொடுத்த வழக்கில் ஒரு கணக்கு வருகிறது: 2014 முதல் 2017 வரை உள்நாட்டில் பெண்கள் அணி ஆடிய 62 ஆட்டங்களில் 13 செயற்கைத் தரையில் நடந்தன, ஆண்கள் அணி ஆடிய 49இல் ஒன்றே ஒன்று. 2019, 2023 உலகக்கோப்பைகள் இயற்கைப் புல்லுக்குத் திரும்பின. செயற்கைத் தரை மோசமானது என்பதற்கு இதை நான் சான்றாகச் சொல்லவில்லை. பெண்களுக்கு அது விருப்பத் தேர்வாக வந்ததா, மீந்ததாக வந்ததா என்பது வேறு கேள்வி.

இயற்கைப் புல்லைத் தெய்வமாக்குபவர்களுக்கும் அதே 2015ஆம் ஆண்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஹவாயில் விரிப்பின் தையல் பெயர்ந்து கிடந்த செயற்கைத் தரையில் ஆட முடியாது என்று அமெரிக்கப் பெண்கள் அணி ஆட்டத்தையே மறுத்தது. அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் அதே அணியின் மேகன் ரப்பினோவின் முழங்கால் தசைநார் கிழிந்தது பயிற்சிக்குக் கொடுத்த மோசமான புல்தரையில். பராமரிக்காத தரை எதனால் ஆனது என்பது முழங்காலுக்குத் தெரியாது.

பராமரிப்பில்தான் எங்கள் மைதானமும் சறுக்கியது. ரப்பர் துகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலணியில் ஒட்டி வெளியே போகிறது, மழையில் ஓரத்துக்கு நகர்கிறது, கோல் முகப்பிலும் தண்டனை உதை இடத்திலும் முனை உதை இடங்களிலும் முதலில் குறைந்துவிடுகிறது. அங்கெல்லாம் துகளை நிரப்பி, இயந்திரத் தூரிகையால் இழைகளை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தின் நடுவில் எங்கள் கோல்காப்பாளர் இடுப்பிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு வரத் தொடங்கினார், அவர் ஆடும் சதுரத்தில் விரலை நுழைத்துப் பார்த்தபோது துகளுக்குப் பதிலாக மணலே தட்டுப்பட்டது. இழைகள் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தன. மைதானத்தை நடத்துபவரிடம் கடைசியாகத் தூரிகை ஓட்டியது எப்போது என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை. ஃபிஃபாவின் உயர்தரச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இந்தத் தேய்மானம்தான். சுவரில் மாட்டிய சான்றிதழில் தேதியைப் பார்க்காமல் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தது எங்கள் தவறு.

துகளுக்கு இன்னொரு வரம்பும் நெருங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்ணெகிழிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, எட்டாண்டு அவகாசத்துக்குப் பின் 2031இல் இத்தகைய பிளாஸ்டிக், ரப்பர் நிரப்பிகளின் விற்பனையை நிறுத்த முடிவு செய்திருக்கிறது. கார்க் முதலிய இயற்கை நிரப்பிகள் அந்த இடத்தைப் பிடிக்க வந்திருக்கின்றன. அவற்றின் பிடிமானமும் மென்மையும் வேறு என்பதால், நிரப்பி மாறும்போது பழைய சோதனை எண்கள் மீண்டும் ஒருமுறை செல்லாதவையாகும்.

மற்ற தரைகளைப் பற்றிச் சுருக்கமாக: புல்லோடு சிறு பங்கு செயற்கை இழையைத் தைத்த கலப்புத் தரை நான் கால் வைத்தவற்றில் ஆட்டத்துக்கு மிகச் சிறந்தது, ஆனால் அது அன்றாடப் பயிற்சிக்கு விடப்படும் தரை அல்ல. உள்ளரங்கத் தளம் பந்துக் கட்டுப்பாட்டுக்கு நல்லது, கணுக்காலுக்குக் கடினமானது, வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மண் தரை வேறு வழியில்லாதவர்களின் தரை, அதில் வளர்ந்து வந்தவர்கள் சமநிலையில் தேர்ந்தவர்களாக இருப்பதைக் கண்டிருக்கிறேன், அதற்காக யாரையும் அங்கே திருப்பி அனுப்ப மாட்டேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பயிற்சித் தரையாக நான்கு கொடுப்பேன், சோதனைத் தரையாக இரண்டரை, கோடை நண்பகலில் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு வீராங்கனைக்கும் டர்ஃபுக்கு ஒரு பக்கம், புல்லுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தின் எண்ணை மறுபக்கத்தின் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. திரும்பும் பயிற்சிகளின் எண்ணிக்கையைத் தூரத்தைப் போலவே தனியாகக் கணக்கு வைக்கிறோம். முழங்கால் அறுவை முடிந்து திரும்பும் பெண்ணின் முதல் திருப்பங்களைப் புல்லில் வைத்துக்கொள்கிறோம். புல்லில் ஆட்டம் இருக்கும் வாரத்தில் கடைசி இரண்டு பயிற்சிகளுக்காவது புல்லைத் தேடிப் போகிறோம், கிடைக்காத வாரங்களில் ஆட்டத்துக்கு மறுநாள் முழு ஓய்வு.

மூன்றாம் பருவத்துக்கும் இதே தரையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை ஒப்பந்தத்தில் தூரிகை ஓட்டும் நாட்களைத் தனி வரியாக எழுதச் சொன்னேன், கோல் முகப்பில் துகள் நிரப்பிய பிறகுதான் கையெழுத்திட்டோம்.